சுற்றிப் பார்க்க வந்த ஆபீசர்மார்

ஒன்பது வருடம் நான் மலைநாட்டை முதுகால்தான் பார்த்தேன். பஸ்ஸின் முன்பக்கம், டிரைவர் ஆசனத்தை ஒட்டி ஓர் இரும்புக் கம்பி இருந்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, பயணிகளின் முகத்தைப் பார்த்தபடி நிற்பேன். "உங்கள் இடது பக்கம் அருவி" என்று இங்கிலீஷில் சொல்லி நான் கை நீட்டும்போது அருவி என் கண்ணில் படாது. அது வந்துவிட்டதா என்று அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். வாயைப் பிளந்தால் அருவி வந்துவிட்டது. வாயைப் பிளக்காமல் மத்தியானச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டால், பனி மூடிவிட்டது என்று அர்த்தம்.

பஸ் ஒரு முஸ்லிம் முதலாளியுடையது. நுவரெலியா டவுனில் கடை வைத்திருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் 'நானா'தான். கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் இரண்டு மூன்று நாட்களில் பயணிகள் ரயிலேறி நானுஓயாவுக்கு வந்து, நுவரெலியாவில் ஹோட்டலில் ஓர் இரவு தங்குவார்கள். மறுநாள் அவர்களை ஏற்றிக்கொண்டு, இறம்பொடை வழியாகக் கண்டியில் கொண்டுபோய் இறக்குவது எங்கள் வேலை. நானாவே பஸ்ஸை ஓட்டுவார். வழியெல்லாம் கதை சொல்வது என் பாடு. அந்த ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகள் அதிகம். பின்புறமாக நின்று பேசுகிறவனுக்கு மூன்றாவது வளைவிலேயே வயிற்றைப் புரட்டும். வாயில் இஞ்சித் துண்டை அடக்கிக்கொண்டு, ஒரு வளைவுக்கு ஒரு வாக்கியம் என்று பேசப் பழகினேன். வாக்கியம் நீண்டுவிட்டால் நானா கியரைக் குறைத்து எனக்காக மெதுவாகத் திருப்புவார். கேலி செய்யாமலும் இருக்க மாட்டார். உன் இங்கிலீஷால் என் பெற்றோல் தீர்கிறது என்பார்.

எனக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிய விஷயம். ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். டவுன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை இங்கிலீஷ் படித்தேன். ஆனால் எந்த வேலைக்குப் போனாலும் முதலில் கேட்டது பிரஜாவுரிமைப் பத்திரம். சுதந்திரம் வந்த கையோடு வந்த சட்டத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் காகிதமில்லாதவர்கள் ஆகியிருந்தோம். இந்த நாட்டில் இருந்ததை ஒவ்வொரு வருடத்துக்கும் அத்தாட்சி காட்டி நிரூபித்தால்தான் பத்திரம். நானா மட்டும் அதைக் கேட்கவில்லை. வளைவில் வாந்தி எடுப்பாயா என்றுதான் கேட்டார். காகிதமில்லாத நான், கப்பலில் வந்தவர்களுக்கு "எங்கள் அழகான தீவு" என்று வாரத்துக்கு இரண்டு முறை சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நினைத்து எனக்கே சிரிப்பு வரும். சில நாட்களில் சிரிப்பு வராது.

எங்கள் பயணத்தில் எல்லோருக்கும் பிடித்த இடம் இறம்பொடைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், அரை மணி நேரம் சுற்றிக் காட்டுவேன். பிறகு ரோட்டோரத்து மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் பிடித்துக்கொள்ளலாம். அந்த அனுமதியைத் தோட்டத்துத் துரை ஒரே ஒரு நிபந்தனையோடு கொடுத்திருந்தார். பயணிகள் லயத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. ஓட்டைக் கூரையையும் சாக்கடையையும் படம் பிடித்துக்கொண்டு போய் இங்கிலாந்துப் பேப்பரில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. அந்த நிபந்தனை எனக்கும் வசதியாகவே இருந்தது. ஏனென்றால் அந்த லயத்தில்தான் என் அக்கா இருந்தாள்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். நான் பள்ளிக்கூடம் போவதற்காக, பேர் பதிந்து கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டவள். என் முதல் சோடிச் சப்பாத்து அவள் வாங்கித் தந்தது. கல்யாணமாகி நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாள். சில வருடங்களில் புருஷனோடு இந்தத் தோட்டத்துக்கு மாறி வந்தாள். மூன்றாவது பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது மச்சான் காய்ச்சலில் போய்விட்டார். பிரஜாவுரிமைக்குத் தன் பேரிலும் பிள்ளைகள் பேரிலும் அவளே மனுப் போட்டிருந்தாள். விசாரணைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

இங்கேதான் சிக்கல். கலியாணமானவர்கள் தொடர்ந்து ஏழு வருடம் நாட்டைவிட்டுப் போகாமல் இருந்ததாகக் காட்ட வேண்டும். அவளுக்கு அதில் பாதி வருடங்கள் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் கழிந்தவை. அந்தத் தோட்டத்தை விட்டு வந்தபோது துரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்துச்சீட்டு ஒன்றுதான் அத்தாட்சி. எந்தத் தேதியில் பேர் பதிந்தாள், எந்தத் தேதியில் விலகினாள் என்று அதில்தான் இருந்தது. அதையும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, அரிசிக் கூப்பன் எல்லாவற்றையும் தகரப்பெட்டியில் வைத்திருந்தாள். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, பெட்டியின் துருப்பிடித்த மூலை வழியாகத் தண்ணீர் இறங்கி, எல்லாத் தாளும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. அவள் பதறிப்போய் வெயிலில் காயவைத்தாள். அது கருவாடாய் இறுகிவிட்டது. பிரித்தால் கிழியும். பிரிக்காவிட்டால் படிக்க முடியாது.

மூன்று தடவை என்னிடம் சொன்னாள். இங்கிலீஷ் தெரிந்தவன் நீதானே, அரசாங்கக் கச்சேரிக்குப் போய் ஆபீசரிடம் சொல்லேன், பழைய தோட்டத்துக்கு ஒரு கடிதாசி எழுதேன் என்றாள். அடுத்த வாரம் என்றேன். கப்பல் சீசன் முடியட்டும் என்றேன். உண்மையில் எனக்குக் கச்சேரிப் படி ஏறவே பயம். உன் பத்திரம் எங்கே என்று என்னைத் திருப்பிக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? இன்னொரு காரணமும் இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. ஸ்டோருக்கு நான் டையும் கோட்டுமாகப் போவேன். துரை என்னைக் கைகுலுக்கி வரவேற்பார். என் அக்கா அவர் மலையில் கொழுந்து பறிப்பவள் என்று அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அவள் லயத்துப் படியை நான் மிதித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஊர்த் திருவிழாவில் பார்த்துக்கொள்வதோடு சரி.

அது ஓர் ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இருபத்திரண்டு பேர், பெரும்பாலும் வயதானவர்கள். காலையில் ஸ்டோரைப் பார்த்தாகிவிட்டது. சனிக்கிழமைக் கொழுந்தின் கடைசி வேலைகள் நடந்துகொண்டிருந்தன. பஸ் புறப்பட்டுக் கீழே இரண்டு வளைவு இறங்கியதும், மலையோடு மண் சரிந்து ரோட்டின் குறுக்கே கிடந்தது. தான் கடந்ததுமே மேலே நுவரெலியாப் பக்கமும் ஒரு மரம் விழுந்துவிட்டதாக, மேலிருந்து வந்த லொறிக்காரர் சொன்னார். நானா அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்து, பஸ்ஸைத் தோட்டத்துச் சந்தியில் கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்டோரைப் பூட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மழை நிற்கவில்லை. பஸ்ஸின் ஜன்னல்கள் ஒழுகின. ஓர் அம்மாளுக்குப் பல் கிட்டியது. மேட்டில் லயத்துக் கூரைகளிலிருந்து அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது.

நானா புகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துரை லயத்துக்குப் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், அனுமதியே போய்விடும் என்றேன்.

"வயசாளிங்க நடுங்கிட்டு ஈக்கிறாங்க தம்பி," என்றார் நானா. "எறக்கி நடத்திக் கூட்டிட்டுப் போங்க. தொரைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

அப்படித்தான் போனோம். குடைகளும் மழைக்கோட்டுகளுமாக இருபத்திரண்டு வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கு முன்னால் டை கட்டிய நான். பயணிகளின் பேர்ப் பட்டியலை ஓர் அட்டையில் குத்தி, நனையாமல் கக்கத்தில் வைத்திருந்தேன். அந்த அட்டைதான் வினையாகிப்போனது.

விசாரணை ஆபீசர்கள் இனிமேல் தோட்டத்துக்கே வரப்போகிறார்கள் என்று லயங்களில் அந்த மாதம் ஒரு பேச்சு அடிபட்டது. யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. வெள்ளைக்காரர்கள், அட்டையோடு இங்கிலீஷ் தெரிந்த ஒருவன், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் மழையில் நடந்து வருகிறார்கள். வேறு எதற்கு வருவார்கள்? யாரோ தப்பு மேளத்தை எடுத்து அடித்தார்கள். தினமும் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூட்டும் அதே அடி. கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தார். பத்துக் காம்பரா அறைகளுக்கும் முன்னால் நீளமாக ஓடிய இஸ்தோப்புத் திண்ணையில், கூரைக்குக் கீழே, பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், வேலைக்கு நிற்பதுபோலவே வரிசையாக நின்றுவிட்டார்கள். கையில் கூடைக்கும் கத்திக்கும் பதிலாகக் காகிதம். தகரப்பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

பெண்கள் வரிசையின் முதல் ஆளாக அக்கா நின்றாள். என் தம்பிதான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று பக்கத்தில் நின்றவளிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது.  இவர்கள் ஆபீசர்கள் அல்ல, அருவி பார்க்க வந்தவர்கள் என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம்தான். வளைவுக்கு வளைவு வாக்கியம் சொல்கிறவனுக்கு அந்த ஒன்று வாயில் வரவில்லை.

அதற்குள் வேடிக்கை தொடங்கிவிட்டது. வாயில் பைப் வைத்திருந்த உயரமான கிழவர் ஒருவர், விருந்தாளிக்குக் குடும்பக் காகிதங்களைக் காட்டுவது இந்த ஊர் வழக்கம் என்று நினைத்துவிட்டார். அவர் வீட்டுக்கு நாம் போனால் அவர் கல்யாணப் படங்களைக் காட்ட மாட்டாரா? அதுபோல என்று எடுத்துக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிசையில் ஒவ்வொருவராகக் காகிதத்தை வாங்கி, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்து, தலையை ஆட்டி, கைகுலுக்கித் திருப்பிக் கொடுத்தார். மற்றவர்களும் அவரைப் பார்த்து அப்படியே செய்தார்கள். கைகுலுக்கப்பட்டவர்கள் முகமெல்லாம் மலர்ந்து, சரியாகிவிட்டது என்று அடுத்த ஆளுக்குச் சைகை காட்டினார்கள். 

அக்கா தன் மூட்டையை அவிழ்த்தாள். பழைய சேலைத் துண்டில் சுற்றியிருந்த அந்தக் கட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள். அவளுக்கு எதிரில் நின்றது அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, அருவியையும் கண்டுகொள்ளவில்லை. எதையும் ரசிக்கத் தெரியாத ஜென்மம் என்று நான் மனதுக்குள் தள்ளிவைத்திருந்தேன். அந்த அம்மாள் கட்டியை வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். ஓரத்தை நகத்தால் லேசாக நெம்பிப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, இதை வெயிலில் காயவைத்தது யார் என்று கேட்டாள்.

அவள் தன் ஊர் நூலகத்தின் நிலவறையில் முப்பது வருடம் பழைய பதிவேடுகளைச் செப்பனிட்டவள். வெள்ளத்தில் நனைந்தது, எலி கடித்தது, ஒட்டிப்போனது எல்லாம் அவள் மேசைக்குத்தான் வருமாம். வெயிலில் வைத்தது முட்டாள்தனம் என்று சொல்லச் சொன்னாள். அதை மட்டும் நான் அக்காவுக்கு மொழிபெயர்க்கவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று அந்த அம்மாள் கேட்டபோது, சொல்லத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. பத்துச்சீட்டு, ஏழு வருடம், விசாரணை, பிள்ளைகள், எல்லாம் சொன்னேன். இவள் என் அக்கா என்றும் சொன்னேன். பயணிகள் முன்னால் அதைச் சொல்லும் நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அந்த அம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுத்தமான வெள்ளைத் துணி இருக்கிறதா என்றுதான் கேட்டாள்.

கங்காணி தன் சலவை வேட்டியைக் கொண்டுவந்தார். தண்ணீரைத் தாளில் படவிடக் கூடாது. துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, அதன்மேல் காய்ந்த துணியை விரித்து, நடுவில் கட்டியை வைத்து, மேலேயும் அதேபோல மூட வேண்டும். ஈரம் மெதுவாக ஏறும். முதலில் ஒரு மூலையில் ஈரவிரலால் தொட்டு, மை கரைகிறதா என்று பார்த்தாள். பேனா மை நின்றது. ஊதாப் பென்சில் எழுத்து கொஞ்சம் கரைந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் லயத்துப் பெண்கள் இருபத்திரண்டு பேருக்கும் பிளேன்டீ கொடுத்துவிட்டார்கள். சீனியைத் தேத்தண்ணியில் போடாமல் உள்ளங்கையில் கொட்டினார்கள், நக்கிக் குடிக்கச் சொல்லி. பைப் கிழவர் அதையும் கைகுலுக்கல் என்று நினைத்து, சீனியோடு எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

தாளைப் பிரிக்கும் நேரம் வந்தபோதுதான் அந்த அம்மாள் தன் கையுறைகளைக் கழற்றினாள். விரல் மூட்டெல்லாம் வீங்கி, கோணிக்கொண்டு இருந்தன. வாதம். வேலையை விட்டதும் அதனால்தான் என்றாள். இந்தக் கையால் முடியாது, ஒரு தாளைக் கசக்காமல் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும் என்று சுற்றிலும் பார்த்தாள். நான் அக்காவின் கையைக் காட்டினேன். பதினாறு வருடம் கொழுந்து பறித்த விரல்கள். கொழுந்து கசங்கினால் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்க வேண்டும். ஓடிக்கொண்டே பறித்தாலும் இலை நோகாமல் பறிக்கத் தெரிந்தவள் அவள்.

அந்த அம்மாள் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். மூலையைத் தூக்கு. இழுக்காதே. மேலே தூக்காமல் பின்னால் மடக்கு. ஒட்டியிருந்தால் விட்டுவிட்டு மறுபக்கம் போ. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு செய்தாள். என் வாழ்க்கையில் நான் பேசிய இங்கிலீஷிலும் தமிழிலும் அந்த ஒரு மணி நேரத்துப் பேச்சுக்கு ஈடாக எதுவும் இல்லை. லயத்து ஆட்களும் பயணிகளும் ஒன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பன் வந்தது. ஒரு பிறப்புப் பதிவு வந்தது. இன்னொன்று வந்தது. பத்துச்சீட்டு எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அது வெளியே வந்தபோது ஓரத்தில் ஒரு துண்டு பிய்ந்துபோனது. இரண்டு தேதியும் துரையின் கையெழுத்தும் அப்படியே இருந்தன. நான் உரக்கப் படித்தேன். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

இனி காயவைக்க வேண்டும். வெயில் கூடாது, அடுப்பு கூடாது. இளஞ்சூடான காற்று, அதுவும் தாள் பறக்காத அளவுக்கு, என்றாள் அந்த அம்மாள். லயத்தில் பிறந்த யாருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். ஸ்டோரின் மேல்மாடியில், பச்சைக் கொழுந்தை வாட்டப் போடும் சாக்குத் தட்டுகளில். ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். ஸ்டோருக்குள் வெறுங்காலில் வந்த ஆளைக்கூடத் திருப்பி அனுப்புகிறவர். மழையில் ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். துரைக்குத் தெரிந்தால் அவர் வேலைக்கும் ஆபத்து. 

"ஞாயிற்றுக்கிழமை மேல காத்து சும்மாதானே போகுது," என்றார். "கொண்டு வாங்கோ."

தேயிலை காயவைக்கும் அடுப்பு இன்னும் ஆறவில்லை. அவர் கையைக் காற்றில் நீட்டிப் பார்த்து, விசிறியைக் குறைத்து, ஜன்னலைத் திறந்து, சூட்டைத் தாளுக்கு ஏற்றபடி கொண்டுவந்தார். பதினொரு தாள்களையும் வேட்டித் துணிமேல் தட்டில் பரப்பினோம். முக்கால் மணி நேரத்தில் காய்ந்துவிட்டன. அந்த அம்மாள் தன் வரைபடங்களை வெளியே எடுத்துவிட்டு, அவை இருந்த கெட்டி அட்டை உறையை அக்காவிடம் கொடுத்தாள். இனி தகரப்பெட்டி வேண்டாம் என்றாள். அதை ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

பொழுது இறங்குவதற்குள் மண்ணை வெட்டி ஒதுக்கிவிட்டார்கள். புறப்படும்போது கங்காணியைத் தனியே கூப்பிட்டு, இவர்கள் ஆபீசர்கள் இல்லை என்ற அந்த வாக்கியத்தை ஒருவழியாகச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அதுனால என்னாங்க," என்றார் அவர். "எங்க காயிதத்த யாரும் இம்புட்டு நேரம் வச்சுப் படிச்சதில்லீங்க."

கண்டியில் அந்த அம்மாளை இறக்கிவிட்டேன். நன்றி என்றேன். அவள், உன் அக்கா விரல் நல்ல விரல் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பேர் என் அட்டையில், என் கையெழுத்திலேயே இருந்தது. காலையில் நானே அதை வாசித்து ஆளைச் சரிபார்த்திருந்தேன். பயணம் முடிந்ததும் வழக்கம்போலப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டேன். காகிதத்தின் அருமை தெரிந்த நாளிலேயே அப்படிச் செய்தேன். இன்றுவரை அதற்காக என்னை நானே ஏசிக்கொள்கிறேன்.

துரைக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா? புதன்கிழமை நானாவுக்குக் கடிதம் வந்தது. இனி எங்கள் பஸ் தோட்டத்துக்குள் வரக்கூடாது. டீமேக்கர் ஐயாவைக் கூப்பிட்டு விசாரித்தாராம். அவர், ஸ்டோர் மாடியில் ஞாயிற்றுக்கிழமை என்ன காய்ந்தது என்று தனக்கு ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. எங்கள் பயணத்தின் சிறந்த இடமே என்னால் போய்விட்டது. நானா கடிதத்தை மடித்துக் கல்லாவின் அடியில் போட்டார். ராகலைப் பக்கம் வேறு ஸ்டோர் இல்லையா என்று மட்டும் கேட்டார். இரண்டு மாதம் அலைந்து ஒன்றைப் பிடித்தோம். அந்த இரண்டு மாதமும் அருவியைக் காட்டியே சமாளித்தோம். அதற்குப் பிறகு நானாவோடு எத்தனையோ வருடம் ஓடினேன். ஒரு நாளும், கோபத்தில்கூட, அதைச் சொல்லிக்காட்டவில்லை. அவர் மாதிரி ஒரு முதலாளி எனக்கு வாய்த்தது என் பாக்கியம்.

விசாரணைக்கு அக்காவோடு நானும் போனேன். கச்சேரிப் படியை ஏறினேன். என் பத்திரத்தை யாரும் கேட்கவில்லை. ஆபீசர் பதினொரு தாளையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். பத்துச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அக்காவை வெளியே இருக்கச் சொன்னார், திரும்பக் கூப்பிட்டார், மறுபடி வெளியே இருக்கச் சொன்னார். முடிவு தெரிய ஐந்து மாதம் ஆனது. அவளுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் கிடைத்தது. அந்த லயத்தில் மனுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் தள்ளுபடி. பைப் கிழவர் கைகுலுக்கித் திருப்பிக் கொடுத்த கங்காணியின் காகிதமும் தள்ளுபடி.

பத்திரத்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மனதில் இருந்ததை இறக்கிவைக்க அதுதான் நேரம் என்று தோன்றியது. அன்றைக்கு நான் உனக்காக யாரையும் கூட்டிக்கொண்டு வரவில்லை அக்கா, ரோட்டில் மண் சரிந்ததால் ஒதுங்க வந்தோம், அவர்கள் ஆபீசர்கள்கூட இல்லை, நீ நினைத்துக்கொண்டிருப்பது பொய் என்றேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மடியில் இருந்த அட்டை உறையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"தெரியும்டா. கழுத்துல கேமராவத் தொங்கப் போட்டுக்கிட்டு எந்த ஊரு ஆபீசரு வருவாரு? தப்படிக்கச் சொன்னதே நாந்தான். லயமே பாத்துக்கிட்டு நிக்கையில அடுத்த வாரம்னு சொல்ல ஒனக்கு வாய் வராதுல்ல."

 அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இறம்பொடை வரும்வரை விடவில்லை.